மணி அடித்தபோது போட்ட கோல்

நான் கல்லூரிக்குப் போனது ஒரே ஒரு வருடம். அதிலும் படிப்பைவிட ஹாக்கி மட்டைகளோடுதான் அதிக நேரம் இருந்தேன். மட்டைகளோடு என்றால், மற்றவர்களுடையதைச் சுமந்துகொண்டு. பதினோரு பேரில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால்தான் எனக்கு இடம். யுத்தம் முடிந்த மறு வருடம் தூத்துக்குடிக்கு ஆடப் போனபோது, இடது ஓரத்தில் ஆடுபவருக்கு அம்மை போட்டிருந்தது.

ரயிலில் எங்கள் கேப்டன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏலே, இன்னைக்கு ஒரு கோல் போட்டேன்னா வருசம் பூரா அந்த இடம் உனக்குத்தான். போடலைன்னா பழையபடி மட்டைக்கட்டைத் தூக்கு" என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்த வயதில் எல்லாவற்றுக்கும் தலையைத்தான் ஆட்டுவேன்.

எதிரணியினர் துறைமுகத்தில் தோணிகளில் சரக்கு ஏற்றி இறக்குபவர்கள். அவர்கள் மைதானம் பஞ்சுக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்தது. புல் என்பது அந்தப் பக்கம் கேள்விப்படாத பொருள். உப்புப் பூத்த தரையில், சுண்ணாம்புக்குப் பதிலாகச் சிப்பி ஓடுகளை நொறுக்கிக் கோடு போட்டிருந்தார்கள். அதன்மேல் அவர்கள் வெறுங்காலோடு ஓடினார்கள். நாங்கள் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்துக் கால் வைத்தோம். எந்தப் பக்கம் வேண்டும் என்று மரியாதையாக எங்களையே கேட்டார்கள். வெயில் முதுகில் விழும் பக்கத்தைக் கேப்டன் சாமர்த்தியமாகக் கேட்டு வாங்கினார். கடல்காற்று முகத்தில் அறையும் பக்கமும் அதுதான். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினோம், காற்று ஓய்ந்துவிட்டது.

ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு அணியும் கூடி ஏதோ பேசினார்கள். புது ஆட்கள் நடுவில் நிற்கக் கூச்சப்பட்டு, நான் கிணற்றடிக்குப் போய் ஏற்கெனவே கழுவிய முகத்தை இன்னொரு முறை கழுவினேன்.

இடைவேளைக்குள் நான்கு கோல் வாங்கினோம். என்னைத் தடுக்க நின்றவர் மட்டும் கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர். கடைசிவரை அவருக்கு மூச்சு வாங்கவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து நான் வாங்கினேன். கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின்மேல் உட்கார்ந்து பார்த்தவர்கள் என்னைக் கவனிக்கத் தொடங்கினார்கள்.

"ஓரத்துல நிக்கானே, அவன் ஆட வந்தானா, தோணி பாக்க வந்தானா?"

"சும்மா இருலே. கொடிக்கம்பு இல்லைன்னு நட்டு வச்சிருக்காங்க."

முடிகிற நேரத்தில் பந்து தானாக என் மட்டைக்கு வந்தது. அதே சமயம் மாதா கோயில் மணி அடித்தது. சங்கு குளிப்பவர் நின்றுவிட்டார். அவரைத் தாண்டினேன். அடுத்தவரும் நின்றார். அவரையும் தாண்டினேன். என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அப்படி வழி விட்டதில்லை. கோலுக்கு முன்னால் இருக்கும் வட்டத்துக்குள் நுழைந்தபோது, பின்னால் ஒரு காலடிச் சத்தமும் கேட்கவில்லையே என்று திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் அசையாமல் நின்றார்கள். எங்கள் ஆட்களும் மட்டையை ஊன்றி நின்றார்கள். எதிரில் கோல்கீப்பர் தலை குனிந்து சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் அடித்தேன். பந்து அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போய்க் கோலின் பின்பலகையில் மோதியது.

மணி அடித்தால் இருந்த இடத்தில் நின்று செபம் சொல்வது அவர்கள் வழக்கம். ஆட்டமும் நிற்கும். நான் முகம் கழுவியபோது பேசி முடித்தது அதைத்தான்.

செபம் முடிந்ததும் தொடங்கிய சண்டை தலைகீழாக இருந்தது. "இது கோல் இல்ல. விவரம் தெரியாம அடிச்சுட்டான்" என்றார் எங்கள் கேப்டன். "விசில் ஊதலையே, கோல்தான்" என்றார் அவர்கள் கேப்டன். அரை டஜன் கோல் போட்டவருக்குத் தாராளம் சுலபம். நடுவரோ, "நான் கண்ணை மூடியிருந்தேன். பாக்காத கோலை எப்படிக் குடுக்க?" என்றார்.

"நான் பாத்தேன்" என்றார் கோல்கீப்பர்.

"நீயும் செபந்தானேலே சொல்லிட்டு நின்ன?" என்றார் நடுவர்.

"ஒத்தக் கண்ணைத் திறந்து வச்சுத்தான் சொல்லுவேன், அண்ணாச்சி."

"பாத்தவன் காலை நீட்டித் தடுத்தா என்ன?"

"நடுச் செபத்துல எப்படிக் காலை நீட்ட?"

வள்ளத்தின்மேல் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்காக ஒரு மனிதர் தம் பக்தியை ஊரார் முன்னால் விட்டுக்கொடுத்தார்.

நடுவர் என்னிடம் வந்தார். "தம்பி, நீ சொல்லு. தெரிஞ்சு அடிச்சியா, தெரியாம அடிச்சியா? தெரியாம அடிச்சிருந்தா குடுத்திருதேன்."

"தெரியாது" என்றேன். அன்று முழுவதும் நான் உரக்கச் சொன்ன ஒரே வார்த்தை. ஆறுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்தது.

டீ குடிக்கும்போது ஆளுக்கு ஆள் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கோல்கீப்பர் கடைசியாக வந்தார். "நீ திரும்பிப் பாத்ததையும் பாத்தேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தன் பங்கு பன்னையும் என் கையில் வைத்துவிட்டுப் போனார். அதைத் தின்னவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

கேப்டன் சொன்ன சொல் தவறவில்லை. அந்த வருடம் முழுவதும் இடது ஓரத்தில் என்னையே நிறுத்தினார். ஆனால் எங்கள் ஆட்கள் யாரும் அன்று செபம் சொல்லவில்லை. கண்ணைத் திறந்துகொண்டுதான் நின்றார்கள். ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வருடம் பூராவும் பந்தை மட்டும் என் பக்கம் அனுப்பவில்லை.