திட்டு வராத தெரு

என் அண்ணன் கேபிள்காரர். ஊருக்கே டிவி காட்டுகிறவர், ஆனால் உட்கார்ந்து ஒரு படம் முழுசாகப் பார்த்து நான் கண்டதில்லை. அவருடைய கன்ட்ரோல் ரூமில் போன் எடுப்பது என் வேலை. பதினாறு வருடமாக வாங்காத வசவில்லை.

எல்லாம் அண்ணன் கண்டுபிடித்த சோதனையால் வந்தது. காலை பதினொரு மணிக்கு ஏதாவது ஒரு சேனலை இரண்டு நிமிடம் நிறுத்திவிடுவார். டிவி மொத்தமாக அணைந்துபோனால், கரண்ட் கோளாறு என்று சும்மா இருந்துவிடுகிற ஜனம், பார்க்கிற சேனல் பாதியில் நின்றால் மட்டும் பொங்கி எழும். தெருத் தெருவாகப் போன் வரும். எந்தத் தெரு திட்டவில்லையோ, அங்கே ஒயர் அறுந்திருக்கிறது. ஏணியோடு கிளம்பிவிடுவார்.

ஒருநாள் நான் பார்க்கிற டிவி நாடகத்தில் முக்கியமான கட்டம். "அண்ணே, இன்னிக்கு மட்டும் அந்தச் சேனல்ல கை வைக்காதீங்க" என்று கெஞ்சினேன். தங்கைக்காக மனசு இளகி அரசாங்கச் சேனலை நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து வாசலில் கேபிள் லைசென்ஸ் ஆய்வாளர்! அந்தச் சேனல் ஒரு நொடிகூட நிற்கக்கூடாது என்பது விதி. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லைசென்ஸ் ரத்து, கதவுக்கு சீல். வினை என் வாயால் வந்ததே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணன் வழக்குப் போட்டார். "கரண்ட் போச்சுன்னு சொல்லிடுங்க" என்று வக்கீல் படித்துப் படித்துச் சொன்னார். யார் கேட்டது? நீதிபதி காரணம் கேட்டதும் அண்ணன் உள்ளதை உளறிவிட்டார்.

"ஐயா, யார் திட்டலன்னு பார்த்தாதான் எங்கே லைன் போச்சுன்னு தெரியும்."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி மட்டும் சிரிக்காமல் அரசு வக்கீல் பக்கம் திரும்பினார். "இதை அன்னிக்கே இவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேக்கணும்னு விதியில இல்லைங்க."

விதியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒருவர் பிழைப்பை மூடுவதற்கு முன் அவரைக் கேட்டாக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ரத்து செல்லாது. தப்பு இருந்தால் நோட்டீஸ் கொடுத்து விளக்கம் வாங்கட்டும்.

மறுநாள் அதே ஆய்வாளர் வந்து சீலை உடைத்தார். கையோடு ஒரு நோட்டீஸையும் நீட்டினார். இன்னும் விடமாட்டார்களா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் அதை இரண்டு தடவை படித்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஏன் நிறுத்துனேன்னு கேட்டிருக்காங்கம்மா" என்றார் என்னிடம்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க சார். சொல்றேன்."