மால்ட்டாவில் நான் பார்த்தவை

மால்ட்டாவுக்குப் போய்வந்தவள் என்று எங்கள் கத்தோலிக்கப் பங்கில் எனக்கு இப்போது ஒரு பெயர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தால் யாராவது நிறுத்திக் கேட்கிறார்கள். அங்கே என்னென்ன பார்க்கலாம், எத்தனை நாள் வேண்டும், வெயில் எப்படி. கேட்பவர்கள் மேல் தப்பில்லை. நான் சிரித்துவிட்டு என் கணவரைக் கைகாட்டிவிடுகிறேன். அவர் நன்றாகச் சொல்வார். எனக்கு அலுப்பாக இருக்கிறது.

அந்தத் தீவைக் கண்டுபிடித்தது நான்தான். சிங்கப்பூரில், சிராங்கூன் பக்கம் ஒரு பல் டாக்டர் கிளினிக்கின் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். பகல் முழுவதும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களின் முகங்கள், ஓயாத தொலைபேசி. சாயங்காலம் ரயிலில் இடம் கிடைக்காமல் நின்றபடி கைபேசியில் எதையாவது பார்த்துக்கொண்டு வருவேன். ஒருநாள் கோழிக்குழம்பு வீடியோ முடிந்ததும் அதுவாகவே அடுத்த வீடியோ ஓடியது. தேன் நிறக் கல்லில் கட்டிய வீடுகள், அவற்றுக்குப் பச்சையும் சிவப்புமாக மரப் பால்கனிகள், கீழே கடல். மத்தியதரைக் கடலில் ஒரு புள்ளி, மால்ட்டா. நான் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அதன்பிறகு மாதக்கணக்கில் அதே வேலை. அங்கே மீன்பிடிப் படகுகளின் முன்பக்கம் இரண்டு கண்கள் வரைந்திருப்பார்கள், கடலில் கெட்டது எதுவும் அண்டாமல் இருக்க. சில கோயில்களில் இரண்டு கடிகாரம் இருக்கும். ஒன்று சரியான நேரம் காட்டும், இன்னொன்று தப்பாகக் காட்டும். பூசை எத்தனை மணிக்கு என்று சாத்தானுக்குத் தெரியக் கூடாதாம். மதில் சூழ்ந்த ஒரு பழைய ஊர், அதற்குள் கார்கள் அதிகம் விடுவதில்லையாம். பக்கத்தில் கோஸோ என்று ஒரு சின்னத் தீவு, அங்கே கடற்கரைப் பாறையில் கட்டம் கட்டமாக வெட்டிய உப்புப் பாத்திகள். எல்லாவற்றையும் இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொல்வேன். அவர் 'ம்' போடுவார்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கடிகாரமும் வேண்டாம், மதிலும் வேண்டாம். ஒரு வாரம் அடுப்பு பற்ற வைக்காமல் இருக்க வேண்டும். கோஸோவுக்குப் போகிற ஃபெர்ரியின் மேல்தட்டில் கடலைப் பார்த்து உட்கார்ந்து, யாரோ ஒருவர் சுட்ட ரொட்டியை நான் தின்ன வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. மகள் படிக்கப் போய்விட்டாள், வீட்டில் நாங்கள் இருவர்தான், இருந்தும் என் அடுப்புக்கு ஓய்வு கிடையாது. பங்கில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் ரசம் என் வீட்டிலிருந்து போகும். திருவிழா என்றால் அண்டா என் வீட்டிலிருந்து வரும். கைப்பக்குவம் என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதைப் போல ஒரு கைவிலங்கு கிடையாது.

இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு எங்கே போகலாம் என்று அவர் கேட்டபோது, வாயில் தயாராக வைத்திருந்ததைப் போல மால்ட்டா என்றேன். அவர் துவாஸில் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு. அந்த வருஷம் கிடைத்தது. நாங்கள் இருவர் மட்டும், ஹோட்டலில், காலைச் சாப்பாடு அவர்களே கொடுப்பார்கள். அன்று பாத்திரம் தேய்க்கும்போது பாட்டுப் பாடினேன் என்று அவரே பிறகு சொன்னார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் என் கணவர். பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் காப்பி குடிக்கும்போது சொல்லிவிட்டார். அதையும் சும்மா சொல்லவில்லை. சின்னப்பர் கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய தீவுக்குப் போகிறோம் என்று சொன்னார். இப்போது பவுல் என்கிறார்கள், எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவர் இன்னும் சின்னப்பர்தான். கடற்கரையைச் சொல்லியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். புனிதரைச் சொன்னால் விடுவார்களா?

எங்கள் பங்கில் மாதர் சபையை நடத்தும் அக்கா ஒருவர் இருக்கிறார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், நல்லவர், அவர் சொன்னால் மண்டபமே எழுந்து நிற்கும். காப்பியை வைத்துவிட்டு வந்தார்.

"ரெண்டு பேர் மட்டும் போய் என்ன பண்ணப் போறீங்க? திருயாத்திரையா போலாம் லா. ஃபாதரையும் கூப்பிடலாம்."

அடுத்த வாரம் ஃபாதரோடு சேர்த்து நாங்கள் பன்னிரண்டு பேர். அதற்கு அடுத்த வாரம் ஹோட்டல் போய் வீடு வந்தது.

"ஹோட்டல் எதுக்கு? வில்லா எடுத்துட்டா கிச்சன் இருக்கும். ஒரு வாரம் ரொட்டி தின்னா நம்ம வயிறு தாங்குமா? ஆளுக்கு ஒரு நாள் சமைச்சா முடிஞ்சுது" என்றார் அக்கா.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தன் காப்பியைப் பார்த்தார்.

அப்போதும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. ஐரோப்பாவில் பிளக் வேறு மாதிரி இருக்கும், நம் ரைஸ் குக்கர் அங்கே வேலை செய்யாது என்று. சோறு இல்லாவிட்டால் குழம்பு எதற்கு? அக்கா விசாரித்துவிட்டுப் பூரித்துப் போய் எனக்குப் போன் செய்தார். மால்ட்டாவும் வெள்ளைக்காரன் ஆண்ட ஊர்தானாம், அங்கேயும் நம்மைப் போலவே மூன்று முள் பிளக்காம். ஆண்டவரே எல்லாம் பார்த்து வைத்திருக்கிறார் என்றார். நான் ஆமாம் அக்கா என்றேன்.

புறப்படுவதற்கு முந்தைய சனிக்கிழமை தேக்கா சந்தைக்குப் போய்ப் பொடிகளும் புளியும் அப்பளமும் வாங்கினேன். முதல் நாள் சமையல் என் முறை, அதனால் நான் வாங்குவதுதான் நியாயம் என்று ஆகிவிட்டது. லிட்டில் இந்தியா நடைபாதையில் கூட்டத்துக்குள் இரண்டு கையிலும் பைகளோடு நடந்துகொண்டிருந்தபோது, எல்லோரும் விடுமுறைக்குத் துணி வாங்குவார்கள், நான் துவரம்பருப்பு வாங்குகிறேன் என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது. அழுகையும் கொஞ்சம் வந்தது.

தீவு அழகாகத்தான் இருந்திருக்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போன வழியில் பார்த்தேன், வீடியோவில் பார்த்த அதே தேன் நிறக் கல். முதல் நாள் நான் சமைத்தேன். இரண்டாம் நாள் முறைக்காரருக்கு முட்டிவலி. மூன்றாம் நாள் முறைக்காரருக்கு அந்த ஊர் அடுப்பு பிடிபடவில்லை. அக்காவிடம் டிக்கெட்டும் வண்டியும் இருந்ததால் அவர் வீட்டில் இருக்க முடியாது. ஆண்களுக்கு முறையே போடவில்லை, அது யாருக்கும் தோன்றவும் இல்லை. உண்மையில் எனக்கும் அப்போது தோன்றவில்லை.

காலையில் இட்லிக்குப் பதிலாக உப்புமா, மத்தியானத்துக்குப் புளிச்சோறு கட்டிக்கொடுப்பது, சாயங்காலம் அவர்கள் வருவதற்குள் சோறு, குழம்பு, பொரியல். நடுவில் பாத்திரம். அந்தச் சமையலறை ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மதில் தெரியும். மதிலுக்கு மேல் சப்பாத்திக்கள்ளி. நம் ஊரில் வேலியோரம் கிடப்பதே அங்கேயும் கிடந்தது. அதற்கும் அடுத்த சுவருக்கும் நடுவில் ஒரு சாண் அகலத்துக்குக் கடல். காலையில் அது சாம்பல் நிறமாக இருக்கும், மத்தியானம் கண் கூசும் நீலம். மால்ட்டாவில் பார்க்க வேண்டியவற்றில் நான் பார்த்தது அது. வேறு யாரும் பார்க்கவில்லை.

ஒரு மத்தியானம் மட்டும் வெளியே போனேன். தெருமுனையில் ரொட்டிக்கடை. நடுவில் ஓட்டையுள்ள ஒரு வட்ட ரொட்டியைப் பிளந்து, தக்காளியைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, சூரை மீனை வைத்துக் கொடுத்தாள் ஒரு பெண். நின்றபடியே தின்றேன். எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. இன்னொரு ரொட்டி வாங்கிக்கொண்டு கடல் வரை போகலாம் என்று பார்த்தால் அக்காவிடமிருந்து போன். காற்று பலமாக இருக்கிறதாம், படகு இல்லையாம், எல்லோரும் சீக்கிரம் வருகிறார்களாம், பசியோடு. திரும்பி நடந்தேன்.

கோஸோவுக்கு அவர்கள் ஐந்தாம் நாள் போனார்கள். முந்தைய நாளே கணவர் என்னிடம் வந்தார்.

"டிக்கெட் எடுத்தாச்சும்மா, நான் போகலன்னா நல்லா இருக்காது. கடைசி நாள் நாம ரெண்டு பேர் மட்டும் போலாம். சத்தியமா."

நான் அதை நம்பினேன். கடைசி நாள் போட்டுக்கொள்ள ஒரு பருத்திப் புடவையைத் தேய்த்து நாற்காலியில் போட்டு வைத்தேன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார். நாங்கள் தினமும் பூசை வைக்கத் தன் சிற்றாலயத்தைத் தந்த அந்த ஊர்ப் பாதிரியாரை, நன்றி சொல்வதற்காகக் கடைசி நாள் விருந்துக்கு அழைத்துவிட்டார் ஃபாதர். பிரியாணி என்றும் சொல்லிவிட்டார். கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அதனால் என் கண்ணைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வந்து கொஞ்ச நாளில், பங்கு மண்டபத்தில் ஒரு ஞாயிறு படம் போட்டுக் காட்டினார்கள். வடையும் சுண்டலும் வைத்திருந்தார்கள். இந்த முறை கடையில் வாங்கியவை, நான் செய்யவில்லை. முந்தின நாள் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தேன், பொய்தான்.

மைக்கைப் பிடித்தவர் என் கணவர். படகின் கண்கள் வந்தன, அதற்குக் காரணம் சொன்னார். இரண்டு கடிகாரம் வந்தது, சாத்தானை ஏமாற்றும் கதையைச் சொன்னார். மண்டபம் சிரித்தது. எங்கள் சாப்பாட்டு மேசையில் 'ம்' போட்டுக் கேட்டதை ஒரு எழுத்து விடாமல் சொன்னார். கவனித்துத்தான் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கோபம்தான் வந்தது.

பிறகு ஃபாதர் எழுந்தார். கப்பல் உடைந்து மழையில் நனைந்து வந்தவர்களுக்கு அந்தத் தீவு மக்கள் தீ மூட்டிக் கொடுத்து உபசரித்ததைச் சொன்னார். "அதே மாதிரி நமக்கும் ஒரு வாரம் அடுப்பு மூட்டி சோறு போட்டது யாரு?" என்று என்னைக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா எழுந்து, அடுத்த வருஷம் சிசிலி என்று அறிவித்தார்.

"சாப்பாட்டுக்குக் கவலையே இல்ல லா, நம்ம தங்கச்சி இருக்கா" என்று மைக்கை என் கையில் கொடுத்தார்.

நான் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை. நன்றி என்று சொல்லிவிட்டு உட்காரத்தான் எழுந்தேன்.

"ஃபாதர், அந்தத் தீக்கு சுள்ளி பொறுக்குனது யாரு?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "சின்னப்பர்தான். அவர் சுள்ளிய எடுத்து தீயில போடறப்பதான் அந்தப் பாம்பு கையப் பிடிச்சுது."

"அவரு விருந்தாளிதானே ஃபாதர்? கடல்ல கிடந்து நனைஞ்சு வந்தவரு. அவரே குனிஞ்சு பொறுக்கியிருக்காரு. அதுக்குப் பாம்பு வேற. நான் ஒரு வாரம் அந்த வீட்டு சிங்க்ல கைய விட்டுப் பாத்தேன். பாம்பு ஒண்ணும் இல்ல. யாரு வேணாலும் கைய வச்சிருக்கலாம்."

ஃபாதர் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"நான் கோஸோ பாக்கல. சிசிலிக்கு நான் வரல, அக்கா. நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லி மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அக்கா என் தோளில் கை வைத்தார். அந்தக் கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

யாரும் அசையாதபோது கணவர்தான் எழுந்தார். வரிசை வரிசையாகப் போய்க் காப்பிக் கோப்பைகளை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். இரண்டு கை நிறையக் கோப்பைகளோடு மண்டபத்தின் நடுவில் நின்று இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். அப்புறம் என்னிடம் வந்து குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"சிங்க் எங்கம்மா இருக்கு?"

மகளின் ஞானஸ்நான விருந்து நடந்த மண்டபம் அது. அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அங்கே காப்பி குடிக்கிறார். அவர் முகத்தைப் பார்த்தேன். வேடிக்கைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவர்மேல் எனக்கு இவ்வளவு கோபமும் இவ்வளவு பாவமும் ஒன்றாக வந்ததில்லை.

வழக்கமாக நான் எழுந்து போய்க் காட்டியிருப்பேன். காட்டிவிட்டு, தள்ளுங்கள் என்று நானே கழுவியிருப்பேன்.

"தேடுங்க" என்றேன்.

அவர் கோப்பைகளோடு போனார். நிறுத்த ஆளில்லாமல் திரையில் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஃபெர்ரியின் மேல்தட்டு வந்தது. நீலக் கடல், வெள்ளைக் கம்பி, எல்லோரும் சிரிக்கிறார்கள், ஓரத்தில் காலியாக ஒரு இருக்கை. உள்ளே எங்கேயோ தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்காமல் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.