யன்னலில் வைத்த இரண்டு டிஸ்க்

வாவிப் பக்கத்துக் காற்றுக்கு எந்தச் சாமானும் இரண்டு நாளில் பிசுபிசுத்துப் போகும். கிளினிக்குகளின் நோயாளர் விவரமெல்லாம் சேர்த்து வைத்திருக்கிற கணினி அலுவலகத்தில் தூசு துடைப்பது என் வேலை. தேற்றாத்தீவிலிருந்து காலை பஸ்ஸில் போவேன். நான் துடைத்த இடத்தில் விரல் வைத்துப் பார்த்து ஒருவரும் குறை சொன்னதில்லை.

அங்கே குளிர் அறை அலமாரியில் பிளேட் சேர்வர் என்கிற கணினிகள், கொப்பிகளை நிறுத்தி வைத்த மாதிரி நெருக்கி நிற்கும். மெல்லிசான சாமான், உள்ளே விவரம் பதிகிற டிஸ்க்குகளுக்கு இடம் போதாது. அதனால் விவரமெல்லாம் அடித்தட்டில் ஒரு தனிப் பெட்டியில், பன்னிரண்டு டிஸ்க்கில் கிடந்தது. போன மாரியில் வெள்ளத் தண்ணீர் அந்தத் தட்டு வரைக்கும் வந்துவிட்டது. பெட்டியை மேலே ஏற்றக் கொழும்பிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைதான். பாரம் குறையட்டும் என்று டிஸ்க்குகளைக் கழற்றி வெளியறை மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் பேனையால் ஓர் ஆங்கில எழுத்து எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார். என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

எனக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. மை இழுபட்டுக் கிடக்கிறது என்றுதான் நினைத்தேன். ஸ்பிரிட் நனைத்த துணியை எடுத்தேன். ஒவ்வொன்றையும் யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

பொறியியலாளர் வந்து பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப் போனது.

"எழுத்தெங்க அம்மா?"

"துடைச்சிட்டன் மனே. ஊத்தையாக் கிடந்திச்சி."

"ஐயோ! இது பழைய பெட்டி. இருந்த வரிசையிலதான் திருப்பிப் போடணும். மாறினா உள்ளுக்கிருக்கிறது ஒண்டும் வெளிய வராது."

சத்தம் கேட்டு அலுவலகப் பொறுப்பாளர் மிஸ் வந்தார். விசயத்தைக் கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பளபளப்பு, பளபளப்பு எண்டு கடைசியில எங்கட வேலையையும் சேர்த்துத் துடைச்சிட்டீங்க. நகல் எடுத்தே ஒரு மாசம். அதுக்குப் பிறகு கிளினிக்குக்கு வந்த சனத்துக்கு நான் என்ன சொல்ற?"

"மிஸ், எடுத்த இடத்திலதான் வச்சிரிக்கன்."

"எழுத்தறியாத மனுசிட சொல்ல நம்பி இந்தத் தம்பி போடுறதா?"

அந்தச் சொல் எனக்குச் சுட்டது. போடுங்கள், ஒன்றும் பிழைக்காது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் அந்த நடை ஞாபகம் வந்தது. மேசைக்கும் யன்னலுக்கும் நடந்து நடந்து முழங்கால் விட்டுப்போய், ஒரு தரம் மட்டும் இரண்டை ஒன்றாக எடுத்தேன். யன்னல் விளிம்பில் வைத்த நேரம் மிஸ் தேத்தண்ணி கேட்டார். ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்து துடைத்து வைத்தேன். எது இடப்பக்கம், எது வலப்பக்கம்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் கிளினிக்கில் கொப்பியோடு காத்திருக்கிற சனத்தில் நானும் ஒருத்தி.

"பத்துக்கு நான் பொறுப்பு மனே. நடுவில இந்த ரெண்டு மட்டும் எனக்கு நிச்சயமில்ல" என்று தொட்டுக் காட்டினேன்.

மிஸ் தலையில் கை வைத்தார். பொறியியலாளர் மட்டும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"ரெண்டுதானே? ரெண்டெண்டாப் பார்க்கலாம். பிழையெண்டா பெட்டி எழும்பாது. நிப்பாட்டிப் போட்டு மாத்திப் பார்ப்பன். பன்னிரண்டும் குழம்பியிருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டன்."

பெட்டியை மேல்தட்டில் பொருத்தி, நான் வைத்த வரிசைக்கே போட்டார். செம்மஞ்சள் விளக்கு எரிந்தது, பெட்டி எழும்பவில்லை. நிறுத்தி, அந்த இரண்டையும் மாற்றிப் போட்டார். கொஞ்ச நேரத்தில் பன்னிரண்டும் பச்சையாக எரிந்தன.

"வந்திட்டு" என்றார் அவர். "அம்மா சொன்ன பத்தும் சரி."

அடுத்த நாள் காலையில் மிஸ் என்னைக் கூப்பிட்டு, "இனி குளிர் அறைப் பக்கம் போக வேணாம். வெளியறையோட நிப்பாட்டுங்க" என்றார். ஓம் என்றேன். குளிர் படாமல் முழங்காலுக்கு அது நல்லதுதான். அந்த இரண்டைச் சொல்லாமல் விட்டிருந்தால், பிழை பெட்டியில்தான் என்று நினைத்து ஒருவேளை என்னை மறித்திருக்க மாட்டார். அதற்காக அதைச் சொன்னது பிழை என்று எனக்குப் படவில்லை. மறித்ததும் சரியென்று படவில்லை. துணியை நனைத்துக்கொண்டு வெளியறை மேசையைத் துடைக்கப் போனேன்.