ஸ்ரீரங்கத்தில் எனக்கு இருக்கும் செல்வாக்கு

ஸ்ரீரங்கம் கோயிலில் எனக்குப் பெரிய செல்வாக்கு இருக்கிறது என்று சென்னையில் ஒரு கம்பெனியே நம்பிக்கொண்டிருக்கிறது. உண்மையில் நான் ஸ்ரீரங்கத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறேன், அவ்வளவுதான். வீட்டுக்காரரிடமே எனக்குச் செல்வாக்கு கிடையாது. மோட்டார் ஓடவில்லை என்று மூன்று தடவை சொன்னால்தான் ஒரு தடவை அவர் காதில் விழும்.

எங்கள் தொழில் சீருடை தைப்பது. திருச்சி மன்னார்புரத்தில் ஒரு மாடியில் யூனிட் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு மெஷின்கள், அதே அளவு பெண்கள். அளவெடுப்பது, துணி வெட்டுவது, தையல் சரியில்லையென்றால் பிரித்துப் போடச் சொல்வது எல்லாம் என் மனைவி. ஆர்டர் பிடிப்பதும் பில் போடுவதும் நான். எனக்கு ஒரு பட்டன்கூட ஒழுங்காகத் தைக்க வராது என்பது யூனிட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் நான் உள்ளே வந்தால் யாரும் எழுந்து நிற்பதில்லை.

பள்ளிக்கூடச் சீருடையை மட்டும் நம்பினால் சித்திரை, வைகாசியில் தூக்கம் இருக்காது, ஆவணி பிறந்தால் வேலை இருக்காது. வருஷம் பூராவும் மெஷின் ஓடினால்தான் அந்தப் பெண்களை வைத்துக் காப்பாற்ற முடியும். அதற்கு ஒரு பெரிய கம்பெனியைப் பிடிக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்கவே தில்லை நகரில் ஒரு ஓட்டல் ஹாலில் வகுப்பு நடத்தினார்கள். நானும் போனேன். கையை அழுத்திக் குலுக்க வேண்டும், கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், வாடிக்கையாளர் வாய்விட்டுச் சொல்லாத தேவையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார் கோட்டுப் போட்ட ஒருவர். மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது.

அந்தத் தெம்போடு ஒரு பெட்டி நிறையச் சட்டைகளை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். அந்தக் கம்பெனிக்கு ஊர் ஊராகத் தொழிற்சாலை இருந்தது, ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் வருஷத்துக்கு மூன்று செட். கொள்முதல் அதிகாரி எதிரே உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். அக்குளில் இரட்டைத் தையல், கழுத்துப் பட்டியில் சுருக்கம் விழாத கேன்வாஸ், நாலு பக்கமும் இழுத்துப் பார்த்தாலும் அசையாத பட்டன். என் மனைவி ராத்திரி பகலாக உட்கார்ந்து சரிபார்த்து அனுப்பிய சட்டைகள். அவர் ஒன்றைக்கூடத் தொடவில்லை. என் விசிட்டிங் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் வீட்டு விலாசம் இருந்தது.

"ஸ்ரீரங்கமா?" என்றார். குரலே மாறிவிட்டது. "தினம் பெருமாளை சேவிப்பீங்களா?"

நடந்ததைத்தான் சொன்னேன். யூனிட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் கோபுரத்தைப் பார்த்து வண்டியில் இருந்தபடியே ஒரு கும்பிடு, அதற்குமேல் நேரமில்லை என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "கோபுர தரிசனம் கோடி புண்ணியம்" என்றார். பெட்டியை நானே மூடினேன். மறு வாரம் யூனிட்டைப் பார்வையிட அவர் குடும்பத்தோடு வருவதாகத் தகவல் வந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள். எனக்கு வந்த தெய்வம் காலை ரயிலில் மனைவி, மச்சினி, இரண்டு குழந்தைகள் சகிதம் வந்தது.

யூனிட் ஆய்வு ஒரு டம்ளர் காபி குடித்து முடிக்கும் நேரம் நடந்தது. என் மனைவி துணியின் சுருக்கத்தை எப்படி முன்கூட்டியே கணக்கிடுகிறோம் என்று விளக்க ஆரம்பித்தாள். அவர் "பேஷ் பேஷ்" என்று சொல்லிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நேரே கோயில். அங்கே கட்டணச் சீட்டுக் கவுண்டர் ஒன்று இருக்கிறது. கட்டணத்தைக் கட்டினால் யாருக்கும் சீட்டு உண்டு, சீக்கிரம் போகலாம் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் பலகையே எழுதி வைத்திருக்கிறார்கள். நான் வரிசையில் நின்று சீட்டு வாங்கிவந்து கொடுத்தேன். பொது வரிசையை ஓரமாகப் பார்த்துக்கொண்டே அவர்கள் உள்ளே போய், நிம்மதியாகச் சேவித்துவிட்டு, கண் கலங்க வெளியே வந்தார்கள். அங்கிருந்து முக்கொம்பு. குழந்தைகள் தண்ணீரைப் பார்த்தன, பெரியவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"இவ்வளவு செல்வாக்கு இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே" என்றார் அதிகாரி.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். கவுண்டர்ல டிக்கெட் வாங்கினேன். யாரு வேணாலும் வாங்கலாம்" என்றேன்.

அவர் மனைவி பக்கம் திரும்பி, "அடக்கத்தைப் பாரு" என்றார்.

ஆர்டர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஆறு வருஷம். அந்தக் கம்பெனியின் தர ஆய்வு எப்போது வரும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பஞ்சாங்கத்தைப் பார்த்தாலே போதும். புரட்டாசிச் சனிக்கிழமை வந்தால் தரம் பற்றிய கவலை அவர்களுக்குத் தாங்க முடியாமல் போய்விடும். கணக்குப் பிரிவிலிருந்து வந்தார்கள், சட்டப் பிரிவிலிருந்து வந்தார்கள், கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒருவர் மாமனாரோடு வந்தார். மாமனாருக்கு முழங்கால் வலி. முதியவர்களுக்காகக் கோயிலில் விடும் பேட்டரி காரில் ஏற்றினேன். அதையும் நான்தான் ஏற்பாடு செய்தேன் என்று சென்னைக்குச் செய்தி போயிற்று. பிரசாத ஸ்டாலில் நின்று புளியோதரை வாங்கிக் கொடுத்தால், மடைப்பள்ளியிலிருந்து எனக்காகத் தனியாக வந்தது என்றார்கள். ஒவ்வொரு தடவையும் நான் உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் என் அடக்கத்தின் மேல் அவர்களுக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. அவர்களில் ஒருவர்கூட அந்தப் பலகையைப் படிக்கவில்லை. கார்க் கதவை இன்னொருவர் திறந்துவிட்டே பழகியவர்களுக்குப் பலகை படிக்கும் வழக்கம் போய்விடுகிறது என்று நினைக்கிறேன்.

என் மனைவிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆறு வருஷத்தில் ஒரு சட்டைகூடத் திரும்பி வந்ததில்லை, அதைப் பற்றி ஒருத்தராவது ஒரு வார்த்தை சொன்னார்களா என்று கேட்பாள். வாய்விட்டுச் சொல்லாத தேவையைக் கண்டுபிடி என்று சொன்ன கோட்டுக்காரரை நினைத்துக்கொள்வேன். அந்தக் கம்பெனிக்காக மட்டுமே எட்டு மெஷின்கள் ஓடின. பட்டனுக்குக் காஜா எடுக்கும் பெண் அந்த வேலையை நம்பித்தான் மகளைக் காலேஜில் சேர்த்திருந்தாள். அதனால் யாராவது வருகிறார்கள் என்றால் சட்டையை மாற்றிக்கொண்டு ரயிலடிக்குப் போய்விடுவேன்.

போன மார்கழியில் கொள்முதல் அதிகாரி போன் செய்தார். வைகுண்ட ஏகாதசிக்கு முதலாளியே வருகிறாராம், குடும்பத்தோடு எட்டுப் பேர். உற்சவர் நம்பெருமாள் சொர்க்க வாசலான பரமபத வாசலைக் கடக்கும்போது அவருக்குப் பின்னாலேயே இவர்களும் கடக்க வேண்டுமாம். இதை அவர் ஏதோ ஜன்னல் ஓர சீட்டுக் கேட்பதுபோலக் கேட்டார். நான் பார்த்துக்கொள்வேன் என்று முதலாளியிடம் ஏற்கெனவே சொல்லியும் விட்டாராம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதில் அவர் எப்போதுமே தாராளம். கடைசியில் எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் காகிதமும் முதலாளி மேஜையில்தான் இருக்கிறது என்று ஞாபகப்படுத்திவிட்டுப் போனை வைத்தார்.

ஊரில் இருக்கும் பாதி ஜனம் அன்றைக்கு அங்கே இருக்கும். மீதிப் பாதியை நிறுத்தவே போலீஸ் இருக்கும். பக்கத்து வீட்டில் கோயில் கைங்கர்யத்தில் இருக்கிற ஒருவர் குடியிருக்கிறார். காலையில் ஈர வேட்டியோடு எதிர்ப்படும்போது ஒரு புன்னகை, அவ்வளவுதான் எங்களுக்குள் பழக்கம். வெட்கத்தை விட்டு அவரிடம் போய்க் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "அன்னிக்குக் கூட்டத்துல அடியேனுக்கே பெருமாளோட திருமுக மண்டலம் சேவையாச்சுன்னா பாக்யம், ஸ்வாமி" என்றார். "பெருமாள் யாருக்குப் பின்னாலயும் வர்றதில்லை. அவர் பின்னால யார் வரணும்ங்கறதும் நம்ம கையில இல்லை."

திரும்பி வந்து சென்னைக்குப் போன் செய்தேன். என்னால் முடியாது, எனக்கு எந்தச் செல்வாக்கும் கிடையாது, எப்போதுமே இருந்ததில்லை, எல்லாம் கவுண்டர் சீட்டுதான் என்று சொன்னேன். ஆறு வருஷமாகச் சொன்ன அதே வார்த்தைகள். இந்தத் தடவை அது அடக்கமாகப் படவில்லை.

"எங்க ஆபீஸ்காரங்க மாமனார், மச்சினி எல்லாருக்கும் முடிஞ்சுது. முதலாளிக்குன்னா மட்டும் முடியலையா?" என்றார் அதிகாரி. "விலை ஏத்தணும்னா நேரா கேளுங்க. பெருமாளை வெச்சு பேரம் பேசாதீங்க."

எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அதன் பிறகு நல்ல பதில்களாக வந்துகொண்டே இருந்தன. அவற்றை மனைவியிடம் சொன்னேன். அவள் இரண்டு சட்டைகளைத் தேய்த்து மடித்து, முதலாளி பெயருக்கே கூரியரில் அனுப்பச் சொன்னாள். பிரித்துப் பார்த்தால் தெரியும் என்றாள். அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாக வாயிற்காப்பாளரின் கையெழுத்து வந்தது.

வைகுண்ட ஏகாதசியன்று நான் பரமபத வாசலுக்கு இரண்டு தெரு தள்ளி, என் வீட்டில் உட்கார்ந்து டி.வி.யில் பார்த்தேன். "ரங்கா ரங்கா" என்ற சத்தம் ஜன்னல் வழியே முதலில் வந்தது, டி.வி.யில் சற்றுப் பின்னால் வந்தது. முதலாளி வரவில்லை என்று பிறகு தெரிந்தது. அவரும் சென்னையில் டி.வி.யில்தான் பார்த்தாராம். எங்கள் இருவருக்கும் கிடைத்தது ஒரே தரிசனம்தான்.

தை பிறந்ததும் கடிதம் வந்தது. சப்ளையர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது என்று நிர்வாகம் முடிவெடுத்திருக்கிறது, இதுவரை அளித்த சேவைக்கு நன்றி என்று இருந்தது. எந்தச் சேவை என்று போட்டிருக்கவில்லை. ஆர்டர் திருப்பூரில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போய்விட்டது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். யானை வாய்க்குப் போன கரும்பு.

யூனிட்டில் சொன்னபோது யாரும் அழவில்லை. காஜா எடுக்கும் பெண் மட்டும், "அப்ப நாங்க எப்போ வரணும்னு நீங்களே சொல்லுங்க சார்" என்றாள். நான் பிறகு சொல்கிறேன் என்றேன். எட்டு மெஷின்களையும் துணி போட்டு மூடினார்கள். அவர்கள் படியிறங்கிப் போன சத்தம் அடங்கிய பிறகு எனக்கு அழுகை வந்தது. நல்ல சட்டை தைத்தோம், அது யாருக்கும் தெரியவேயில்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

பங்குனியில் ஒரு நாள் யூனிட்டில் இருந்தபோது திருப்பூரிலிருந்து ஒரு போன். புதிதாக ஆர்டர் பிடித்த கம்பெனிக்காரர். வயசு குறைவு, மரியாதை அதிகம். "ஏனுங்கண்ணா, நல்லாயிருக்கீங்களா" என்று ஆரம்பித்தார். கொள்முதல் அதிகாரியின் அண்ணி குடும்பம் அடுத்த சனிக்கிழமை ஸ்ரீரங்கம் வருகிறதாம். நீங்கள்தானே இப்போது எங்கள் சப்ளையர், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சென்னையிலிருந்து இவரிடம் சொல்லிவிட்டார்களாம். அங்கே ஒருத்தர் இருக்கிறார், பழைய சப்ளையர், கோயிலில் பெரிய செல்வாக்கு, ஆனால் கொஞ்சம் தலைக்கனம், நயமாகப் பேசினால் செய்வார் என்று என் நம்பரையும் அவர்களே கொடுத்திருக்கிறார்கள்.

நான் கவுண்டரைப் பற்றிச் சொன்னேன். எந்தப் பக்கம் இருக்கிறது, எப்படி வாங்க வேண்டும், பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதுவரை சொன்னேன்.

அவர் சிரித்தார். "இப்படித்தான் சொல்லுவீங்கன்னு அவங்களே சொன்னாங்கண்ணா."

பக்கத்தில் மனைவி நின்றிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், மூடிக் கிடந்த மெஷின்களைப் பார்த்தாள். திருப்பூரில் பனியனுக்குத்தான் மெஷின் அதிகம், இந்தச் சட்டைகளை அவர் ஜாப் ஒர்க்காக, கூலிக்குத் தைக்க, வெளியில்தான் கொடுத்தாக வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆறு வருஷம் வாய் வலிக்க உண்மையைச் சொல்லி என்ன கண்டேன் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

"சரி தம்பி. உள்ள நமக்கு ஆள் இருக்கு. ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது" என்றேன். "ஆனா சட்டையை நாங்கதான் தைப்போம்."

"அதுக்கென்னங்கண்ணா" என்றார் அவர், உடனே.

திங்கட்கிழமை துணி வந்து இறங்கியது. கூடவே ஒரு பை நிறைய லேபிள்களும் வந்தன, திருப்பூர் கம்பெனியின் பெயர் போட்டு. என் மனைவி அதில் ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, கழுத்துப் பட்டியில் எங்கே வைத்தால் உறுத்தாது என்று காஜா எடுக்கும் பெண்ணுக்குக் காட்டிக்கொடுத்தாள். கூலி முன்னைவிடக் குறைவு. அக்குளில் இரட்டைத் தையலை மட்டும் அவள் குறைக்கவில்லை.

சனிக்கிழமை அந்த அண்ணி குடும்பத்தோடு வந்தார். நல்ல வெயில். நான் ஆளைப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்ச் சீட்டு வரிசையில் நின்றேன். கையில் சீட்டோடு திரும்பிப் பார்த்தபோது, யாருக்கும் சீட்டு உண்டு என்ற அந்தப் பலகைக்குக் கீழே கொஞ்சம் நிழல் இருந்ததால், எல்லோரும் அங்கே வந்து நின்றுகொண்டிருந்தார்கள்.