நைனா எக்ஸ்பயர் ஆகாமல் பார்த்துக்கொண்ட கதை

என் நைனாவின், அதாவது அப்பாவின், உயிரை ஒரு மாம்பழ சீசனில் கொஞ்ச நாள் நான் மவுஸைக் கொண்டு பிடித்து வைத்திருந்தேன். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த வயதில் எனக்கு அது அப்பட்டமான உண்மை. டாக்டர்கள் ஊசி போட்டுச் செய்கிற காரியத்தை நான் டபுள் கிளிக் போட்டுச் செய்துகொண்டிருந்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. சொன்னால் பலித்துவிடும் என்று பயந்து, பெரிய தியாகியைப் போல வாயை மூடிக்கொண்டு திரிந்தேன்.

அப்போது சித்தூரில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். நைனா ஊருக்கு வெளியே மாம்பழக் கூழ் எடுக்கிற பேக்டரியில் சூப்பர்வைசர். சீசன் வந்துவிட்டால் எத்தனை முறை குளித்தாலும் அவர் மேல் மாம்பழ வாசனை போகாது. சாயந்திரம் ஈக்கள் அவரை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை செய்தார். அந்தக் கோடை லீவில், செத்துப்போன பல கம்ப்யூட்டர்களின் பாகங்களை ஒன்றுசேர்த்து ஒரு கம்ப்யூட்டரை உண்டாக்கி, ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். அம்மா மானிட்டருக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். மாமா வயரையெல்லாம் சொருகிவிட்டு, இதற்கும் வைரஸ் வரும், ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றார்.

"அப்போ சளி புடிச்சவங்க யாரும் கிட்ட போவ வாணாம்" என்றாள் அம்மா.

அதே நேரம் பார்த்து நைனா தும்மினார். அவரை எழுப்பி வராந்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வைரஸுக்கு மருந்தும் மாமாவே கொண்டுவந்திருந்தார். ஏதோ பத்திரிகையோடு ஒட்டிக் கொடுத்த சிடி. எவ்வளவு என்று வராந்தாவிலிருந்து நைனா கேட்டார். என் மாமா என் நைனாவை மாமா என்பார். அதனால் வீட்டில் யார் அந்தச் சொல்லைச் சொன்னாலும் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

"ஃப்ரீ மாமா. சும்மா ட்ரையல் பாக்கறதுக்கு."

"ஃப்ரீன்னா ரெண்டா போட்டுடு" என்றார் நைனா.

சிடி உள்ளே போனதும் திரையில் ஒரு கட்டம் வந்து பெயர் கேட்டது. யார் பெயரைப் போடுவது என்று மாமா என்னைப் பார்த்தார். கம்ப்யூட்டர் நைனாவுடையது, எனவே நைனா பெயரைத்தான் போட வேண்டும் என்றேன். போடு என்று கீபோர்டை என் பக்கம் தள்ளினார். நானும் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, இங்கிலீஷ் எழுத்தில் நைனா என்றே தட்டிவிட்டேன். எனக்கு அதுதானே அவர் பெயர். வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்த நைனாவுக்கு முகம் பூரித்துவிட்டது. டிவி மாதிரி ஒரு பெட்டியில் தன் பெயர் மின்னியதை அன்றுதான் அவர் பார்த்தார்.

ஒரு சமாச்சாரத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் சாவதில்லை. எக்ஸ்பயர் ஆவார்கள். தமிழில் சொன்னால் துக்கம், தெலுங்கில் சொன்னால் அழுகை, இங்கிலீஷில் சொன்னால் மரியாதை. பள்ளியில் ஹெட்மாஸ்டர் மைக்கைத் தட்டி, இன்னாருடைய தகப்பனார் எக்ஸ்பயர் ஆகிவிட்டார் என்று அறிவித்தால் அன்றைக்கு லீவு. அந்தச் சொல்லைக் கேட்டாலே பையை மாட்டிக்கொள்ள எங்கள் தோள்கள் பழகியிருந்தன. அதற்கு வேறு அர்த்தம் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

சில வாரம் எல்லாம் சுமுகமாகத்தான் போனது. நான் கார் ரேஸ் விளையாடினேன். அம்மா கம்ப்யூட்டருக்குத் துண்டு போர்த்தினாள். பிறகு ஒருநாள் காலை, மணிச் சத்தத்தோடு திரையின் மூலையில் ஒரு மஞ்சள் பெட்டி எழுந்து வந்தது. அதிலிருந்த இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்தேன். முதல் வரியில் நைனா என்று இருந்தது. இரண்டாவது வரியில் எக்ஸ்பயர் என்று இருந்தது. பக்கத்திலேயே இன்னும் எத்தனை நாள் என்றும் போட்டிருந்தது.

சமையலறைக்குப் போய், எக்ஸ்பயர் என்றால் என்ன என்று சாதாரணமாகக் கேட்பது போல அம்மாவைக் கேட்டேன்.

"எதிர்த் தெரு வாத்தியாரோட அம்மா ஆனாங்களே, அதாண்டா. போயி பல்லு தேய்."

மறுநாள் பெட்டியில் ஒரு நாள் குறைந்திருந்தது. அதற்கு மறுநாள் இன்னொன்று. கணக்கில் நான் கெட்டிக்காரன் இல்லை என்றாலும் இது எங்கே போய் முடியும் என்பது தெரிந்தது. நைனாவைக் கண்காணிக்கத் தொடங்கினேன். அவர் இருமினால் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். அவர் தூங்கும்போது மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்து, அவருடைய மீசையைக் கிச்சுக்கிச்சு மூட்டி ஓர் அறை வாங்கினேன். அறையில் நல்ல பலம் இருந்தது. கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

இன்னும் ஒரே நாள் என்று பெட்டி சொன்ன காலையில்தான் அந்த யோசனை வந்தது. வேறு ஏதோ ட்ரையல் விளையாட்டு முடிந்துபோனபோது மாமா தேதியைப் பின்னால் தள்ளி ஏமாற்றியதைப் பார்த்திருக்கிறேன். அதுக்கு இன்னா கண்ணா கீது, நாம சொல்றதுதான் அதுக்கு தேதி என்று அப்போது அவர் சொன்னார். திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தின் மேல் டபுள் கிளிக் செய்து, ஒரு நாள் பின்னால் தள்ளினேன். மறுநாள் காலை பார்த்தால் பெட்டி பழையபடி இன்னும் ஒரு நாள் என்றது. அங்கேயே கம்ப்யூட்டருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

அப்படியானால் ஒரே தள்ளாகப் பத்து வருஷம் தள்ளியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதையும் யோசிக்காமல் இல்லை. ரொம்பப் பின்னால் போய், நைனாவுக்குக் கல்யாணம் ஆகாத காலத்துக்குக் கம்ப்யூட்டர் போய்ச் சேர்ந்துவிட்டால் என் கதி என்ன? அதனால் தினமும் காலையில் ஒரு நாள், ஒரே ஒரு நாள் மட்டும் அளந்து தள்ளினேன். வெளியே தேதி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஹாலில் அதே வியாழக்கிழமை நின்றுகொண்டிருந்தது.

உயிரைக் காப்பாற்றுகிறவனுக்கு வருகிற திமிர் எனக்கும் வந்தது. கணக்கில் வாங்கிய மார்க்கைச் சொல்லி நைனா திட்டும்போது அவரையே உற்றுப் பார்ப்பேன். திட்டுங்கள், திட்டுங்கள், திட்டுவதற்கு நீங்கள் இருப்பதே யாரால் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

எல்லாம் கெட்டது மாமாவின் மொட்டையால்தான். வேலை கிடைத்ததற்காக மலையில் முடி கொடுப்பதாக அவருக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. அம்மாவும் நானும் காலையிலேயே திருப்பதிக்குப் போய்விடுவது, நைனா பேக்டரி வேலையை முடித்துவிட்டு மதியம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்வது, பிறகு எல்லோரும் சேர்ந்து மலையேறுவது என்று ஏற்பாடு. நைனா விடிவதற்கு முன்பே கிளம்பிப் போய்விட்டார். நான் எழுந்து கம்ப்யூட்டரிடம் ஓடி ஸ்விட்சைத் தட்டினேன். கரண்ட் இல்லை.

கரண்ட் போனாலும் ஓட வைக்கிற பெட்டி ஒன்று வாங்கிவிடலாம் என்று மாமா எத்தனையோ தரம் சொல்லியிருந்தார். அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டது நைனாதான். தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டேன். இருட்டுத் திரையின் முன்னால் நின்றுகொண்டு வரமாட்டேன் என்று அழுதேன். அம்மா என்னைப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தரதரவென்று இழுத்துப் போனாள்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் மாமா காத்திருந்தார். சித்தூர் பஸ் ஒன்று வந்தது, நைனா இல்லை. அடுத்தது வந்தது, அதிலும் இல்லை. மதியம் தாண்டிவிட்டது. அம்மா வாங்கிக் கொடுத்த வடை கையில் ஆறிப்போயிருந்தது. இன்னொரு பஸ்ஸும் ஆட்களை இறக்கிவிட்டுக் காலியாக நின்றபோது என்னால் முடியவில்லை. மஞ்சள் பெட்டி, தேதி, கரண்ட் எல்லாவற்றையும் அழுகையோடு கொட்டிவிட்டேன்.

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்களுக்கும் தெலுங்கில் எடுத்துச் சொல்ல, அவர்களும் சிரித்தார்கள்.

"டேய், எக்ஸ்பயர் ஆவறது அந்த சாப்ட்வேருடா, உங்க நைனா இல்ல."

ஆனால் அம்மா சிரிக்கவில்லை. "எதுக்கும் பேக்டரிக்கு ஒரு போன் போட்டுப் பாரு" என்றாள்.

அவளுக்காக மாமா போன் பூத்துக்குப் போனார். நாங்களும் கூடவே போனோம். பேக்டரி வாட்ச்மேன் எடுத்தார். அந்த மனிதருக்குப் பிறவியிலேயே எழவு சொல்கிற குரல். நைனாவின் பெயரைச் சொல்லி மாமா கேட்டதும், அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டு, "ஆயன லேரண்டி" என்றார். அது எங்களுக்கே கேட்டது. அதோடு லைன் கட்டானது.

தெலுங்கில் ஆயன லேரு என்றால் அவர் இங்கே இல்லை என்றும் அர்த்தம், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றும் அர்த்தம். இரண்டையும் குரலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். மாமா ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு, போகிற வழி தெரியாமல் அங்கேயே நின்றது. அம்மா பூத்துக்கு வெளியே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"லைன்ல ஏதோ... திரும்பப் போடறேன்க்கா" என்றார் மாமா. நம்பரைத் தப்புத் தப்பாக அழுத்தினார்.

"இன்னாம்மே, இங்க குந்திகினு கீற? லட்டு கெடைக்கலியா?"

தோளில் சாக்கு சுற்றிய ஓர் இரும்புத் தண்டோடு நைனா நின்றிருந்தார். காலையில் கூழ் மெஷினில் எதுவோ உடைந்துபோய், அதைச் சரிபண்ண பேக்டரி வேனில் ரேணிகுண்டா ஒர்க்ஷாப்புக்குப் போயிருக்கிறார். அங்கிருந்து நேராக இந்தப் பக்கம் பஸ் பிடித்து, எங்களைத் தேடிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சுற்றியிருக்கிறார். நான் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டேன். மாம்பழமும் கிரீஸும் கலந்த அந்த வாசனையைப் போல நல்ல வாசனையை அதற்குப் பிறகு நான் முகர்ந்ததில்லை.

அம்மா எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "சொல்லிட்டுப் போனா வாயி கோணிக்குமா உனக்கு? எங்க போய்த் தொலைஞ்சே?" என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி திட்டினாள். திட்டும்போதே அவர் தோளிலிருந்த தண்டை வாங்கிக் கீழே வைத்தாள்.

விஷயத்தை மாமா சொன்னார். நைனா கேட்டுவிட்டு என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

"எங்க பேக்டரில வருஷா வருஷம் ட்ரம்மு ட்ரம்மா எக்ஸ்பயர் ஆவுது. நான் இன்னும் சீலே ஒடைக்காத சரக்குடா."

எல்லோரும் சிரித்தோம். வடையைத் தின்றேன், இன்னொன்றும் கேட்டு வாங்கித் தின்றேன். மலைக்குப் போகும் பஸ்ஸில் நைனாவின் மடியில், வயதுக்குப் பொருந்தாமல், கால் தரையில் தட்ட உட்கார்ந்துகொண்டு போனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா மொட்டைத் தலையோடு வேறு ஒரு பத்திரிகை சிடியைக் கொண்டுவந்தார். பழைய மருந்தைக் கழற்றிவிட்டு இதைப் போட்டார். இதுவும் இலவசம், இதுவும் ட்ரையல், இதுவும் பெயர் கேட்டது.

"மாமா, உங்க பேரே போட்டுடலாமா?" என்று நைனாவைக் கேட்டார்.

"எனக்கு ஒருவாட்டி செஞ்ச மரியாதி போதும்பா. உங்க அக்கா பேரைப் போடு" என்றார் நைனா.

"பொம்பளைங்க பேரு எதுக்கு? கொண்டாந்தவன் நீ, உன் பேரைப் போட்டுக்கோ" என்றாள் அம்மா.

மாமா மொட்டையைத் தடவினார். "எனக்குப் பொண்ணு பாத்துகினு கீறாங்கக்கா. இப்பப் போயி எதுக்கு."

நான் என் பெயரைத் தட்டுவதற்குக் கையை நீட்டினேன். கையை எடுடா என்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் சத்தம் வந்தது. ஏழுமலையான் பெயரைப் போட்டால் என்ன, அவருக்கு ஏது எக்ஸ்பயர் என்று நைனா கேட்டார். சாமியை இதில் இழுக்காதே என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கட்டம் காலியாக மினுக்கிக்கொண்டே இருந்தது. ஒருவருக்கொருவர் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்போது மேலே தண்ணீர் மோட்டார் சட்டென்று நின்றது. மாடியில் இருந்த வீட்டுக்காரர், எங்கள் தொட்டி நிறைவதற்கு முன்னால் மோட்டாரை நிறுத்துவதை ஒரு விரதமாகவே வைத்திருந்தவர். அதனாலேயே அவருக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அம்மா மேலே பார்த்தாள். நைனாவும் மேலே பார்த்தார்.

"போடு" என்றார் நைனா. வீட்டுக்காரர் பெயரை மாமா தட்டினார்.

பிறகு சில வாரம் கழித்து மஞ்சள் பெட்டி எழுந்து நாளைச் சொல்லத் தொடங்கியது. நான் அதை ஒரு செய்தியாக வீட்டில் சொல்லிவிட்டு விளையாடப் போனேன். அன்று சாயந்திரம் அம்மா மிளகு ரசம் வைத்து மாடிக்குக் கொடுத்தனுப்பினாள். மறுநாள் மாடிப்படியின் கீழே நின்று, உடம்பு எப்படி இருக்கிறது என்று வீட்டுக்காரரைத் தெலுங்கில் விசாரித்தாள். நைனா ஒரு கூடை நல்ல மாம்பழமாகப் பொறுக்கிக்கொண்டுவந்து, தானே படியேறிப்போய்க் கொடுத்து, படியில் பார்த்து இறங்குங்கள் என்று அவருக்குச் சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்காரர் நெகிழ்ந்துபோனார். எங்கள் தொட்டி வழிகிற வரைக்கும் மோட்டாரை ஓடவிட்டார்.

இந்தத் தமிழர்களைப் போல நல்ல மனிதர்கள் கிடைக்கமாட்டார்கள் என்று அவர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று இத்தனை பாசம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.