ராத்தாவின் அளவுக் கொப்பி

அந்தக் கொப்பிக்கு நீல அட்டை. மெஷின் எண்ணெய் பட்டு ஒரு மூலை கறுத்திருக்கும். திகனயிலிருந்து வந்து கண்டிச் சந்தைக்குப் பின்னால் தையற்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பெண்ணுடையது. திகதி, மார்பு, இடுப்பு, கை நீளம் என்று கோடு போட்ட பக்கங்கள். மாநகரசபையில் எழுதுவினைஞனாக இருந்தவன் நான். ஒருநாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன். எத்தனையோ சரித்திரப் புத்தகங்கள் படித்திருக்கிறேன். பொறாமைப்பட்டது அந்தக் கொப்பியின் எழுத்தைப் பார்த்து மட்டும்தான்.

என் தங்கை அவரை 'ராத்தா' என்பாள். முஸ்லிம்கள் அக்காவை அழைக்கும் சொல். கூடப்பிறந்த அண்ணன் நானிருக்க, புதிதாக ஓர் அக்கா எதற்கு என்று அப்போதே எனக்கு எரிந்தது. அவள் வாழ்க்கைப்பட்டது பன்விலயில். சனிக்கிழமைகளில் அங்கிருந்து வரும் பஸ்ஸிலிருந்து இறங்கினால் முதலில் அந்தக் கடை. பிறகுதான் என் வீடு. தேநீரைக் குடித்துவிட்டு, "எல்லாம் சொகந்தாண்ணே" என்பாள்.

நான் மச்சான் என்று அழைத்த அவள் கணவன் அவளை அடித்துவந்தான். அதை அவள் ராத்தாவிடமும் முதலில் சொல்லவில்லை. அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னபோது தூக்க முடியவில்லை. "ஜாக்கெட் கைய முழங்கை வரைக்கும் வைங்க" என்று மட்டும் சொன்னாளாம். ராத்தா அளவை எழுதி, பக்கத்தில் 'இடது புயம் கன்றி நீலம்' என்றும் எழுதினார். அடுத்த ஜாக்கெட்டுக்கு நேரே 'கழுத்தில் நகக்கீறல்'. இப்படி ஐந்து ஜாக்கெட், ஐந்து திகதி. ஆறாவது முறை பொலிசுக்கு அவரே கூட்டிப்போனார். குடும்பத்துக்குள் பேசித் தீர்க்கும்படி அங்கே திருப்பியனுப்ப, அத்தோடு விடாமல், இலவசமாக வாதாடும் ஒரு சட்டத்தரணியிடம் கொண்டுபோய் உட்காரவைத்தார். எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும்.

சட்டத்தரணி யாழ்ப்பாணத்துப் பெண். காயப்படுத்தியதற்குக் குற்ற வழக்கும் போடலாம், அவன் கிட்ட வராதபடி நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளையும் கேட்கலாம், ஒன்றால் மற்றது கெடாது என்றார். எப்போது, என்ன நடந்தது என்பதுதான் வேண்டும். கட்டளை கிடைக்காவிட்டால் அவன் வந்து இழுத்துப்போவான் என்று, வீட்டைவிட்டு வந்திருந்த தங்கை பயந்தாள். ஆனால் அவளுக்கு ஒரு திகதியும் நினைவில்லை. நான் நாட்குறிப்புகளைப் பெருமையோடு தூக்கிக்கொண்டு போனேன். சட்டத்தரணி கொப்பியின் முதல் திகதிக்குரிய என் பக்கத்தைத் திருப்பினார். 'தங்கச்சி படியில் வழுக்கி விழுந்தாளாம். மச்சான் நன்றாகக் கவனித்துக்கொள்கிறார். மாலையில் மழை.'

"அண்ணை, இது உங்கட மச்சானுக்கெல்லோ உதவும்" என்றார்.

"மழையச் சரியாத்தான் எழுதீக்கிறீங்க" என்றார் ராத்தா.

வெளியே வந்து தங்கையிடம், "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா நீங்க அவருகிட்டயே போய் கேப்பீங்கண்ணே. அவரு சொல்றத எழுதிக்கிட்டு வருவீங்க."

ராத்தாவின் கொப்பி, அவர் சத்தியம் செய்து எழுதிக்கொடுத்த சத்தியக்கடதாசி, வைத்தியரின் அறிக்கை எல்லாம் சேர்ந்து கட்டளை கிடைத்தது. குற்ற வழக்கு இன்னும் தவணை தவணையாக நடக்கிறது. தங்கை இப்போது இருப்பது ராத்தாவின் கடைக்கு மேலுள்ள அறையில். என் வீட்டு முன்னறையைக் கூட்டித் துடைத்து வைத்திருந்தேன்; அவள் வரவில்லை.

போன கிழமை குட்டைக் கை ஜாக்கெட் அணிந்து என்னைப் பார்க்க வந்தாள். இரண்டு புயங்களிலும் ஒரு தழும்புகூட இல்லை. அவள் போனதும் அதை நாட்குறிப்பில் திகதியிட்டு எழுதிவைத்தேன். மறுநாள் பொத்தான் தைக்கவேண்டும் என்ற சாக்கில் கடைக்குப் போனேன். பழைய கொப்பி நீதிமன்றத்தில் இருக்கிறது. புதியதற்கும் நீல அட்டைதான். ராத்தா ஊசியில் நூல் கோக்கும் நேரத்தில் புரட்டினேன். என் குறிப்புக்கு இரண்டு கிழமை முந்திய திகதி. தங்கையின் பெயர். கை நீளம் நான்கு அங்குலம். பக்கத்தில் வேறொன்றும் எழுதியிருக்கவில்லை.

அதிலும் என்னை முந்திவிட்டார்.