சித்தப்பா மலைக்குப் போன காரணம்

ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் ஓட்டுகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமையானால் கல்வராயன் மலையில் என்ன வேலை? மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டில் அந்தத் தை மாதம் முழுக்க இதே பேச்சுத்தான்.

சித்தப்பா சொன்ன காரணங்கள் வாரா வாரம் மாறின. ஒரு வாரம் நண்பர் வீட்டில் காதுகுத்து என்றார். மறுவாரம் மலையில் மிளகு மலிவாகக் கிடைக்கிறது என்றார். திரும்பி வரும்போது உள்ளங்கையெல்லாம் சிராய்ப்பு இருக்கும், முழங்காலில் தோல் உரிந்திருக்கும். மிளகு மட்டும் வந்ததே இல்லை.

பரண்மேல் சாக்குப்பையில் புத்தம்புது நைலான் கயிறும், மூடி போட்ட இரண்டு காலி கேன்களும் இருப்பதைச் சித்தி பார்த்துவிட்டாள். போதாக்குறைக்கு, அடுப்புச் சாம்பலைப் பொட்டலம் கட்டி வேறு எடுத்துப் போகிறார் என்பதும் தெரியவந்தது. கேனைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அப்பா, சாராயம்தான் என்று முடிவு கட்டினார். சாம்பலைப் பற்றிக் கேள்விப்பட்ட எதிர்வீட்டு அக்கா, மாந்திரீகம் என்றாள். அம்மா மட்டும் சித்தியைப் பாவமாகப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் சித்தியை அதிகம் உலுக்கியிருக்க வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகாதவள்.

எனக்கு அப்போது பத்து வயது. தலை வாரிவிடுகிற சாக்கில் சித்தி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம நீயும் அவருகூட போ. யாரு வூட்டுக்குள்ள போறாரு, யாரு தண்ணி குடுக்குறாங்க, எல்லாத்தையும் பாத்துக்கினு வா. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத."

நானும் மலைக்கு வருவேன் என்று அழுது அடம்பிடித்தேன். மாட்டேன் என்பார் என்றுதான் எதிர்பார்த்தோம். சித்தப்பாவோ, "அட, வாம்மா" என்று சட்டென்று ஒத்துக்கொண்டார். எனக்கு அதுவே சந்தேகமாக இருந்தது. தப்பு செய்கிறவர்கள்தானே இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வார்கள்.

கள்ளக்குறிச்சியில் பஸ் மாறினோம். கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதையில் பஸ் திணறி ஏறும்போது சித்தப்பா சன்னலோரம் சாய்ந்து தூங்கிப்போனார். நான் சாக்குப்பைக்குள் தலையை விட்டு ஒரு கேனைத் திறந்து மோந்து பார்த்தேன். கடலை எண்ணெய் வாடை அடித்தது. சாராய நாற்றம் போக நன்றாகக் கழுவி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கரியாலூரில் இறங்கியதும் ஓர் ஆள் காத்திருந்தார். மலையில் மரவள்ளி போடுகிறவர், சித்தப்பா வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இன்னாப்பா, பாப்பாவ வேற கூட்டிக்கினு வந்திருக்க? நேத்துகூட ஃபாரஸ்ட்டுக்காரங்க அந்தப் பக்கம் சுத்திக்கினு இருந்தாங்க."

"நம்ப பொண்ணுதான். யாருகிட்டயும் சொல்லாது" என்றார் சித்தப்பா.

வழியில் அந்த மரவள்ளிக்காரர் வீட்டில் நின்றோம். ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். இடுப்பில் குழந்தை. அவள் சித்தப்பாவின் முகத்தைப் பார்க்கிறாளா என்று கண்கொட்டாமல் கவனித்தேன். அவள் என் பின்னலைத்தான் பார்த்தாள். "யாரு இவ்ளோ அழகா பின்னிவுட்டது?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. விரோதியிடம் எதற்குப் பேச்சு?

பிறகு ஒற்றையடிப் பாதையில் காட்டுக்குள் இறங்கினோம். தண்ணீர்ச் சத்தம் கேட்க ஆரம்பித்து, நெருங்க நெருங்கப் பெரிதாகி, கடைசியில் ஓர் அருவிக்கு முன்னால் போய் நின்றோம். ஊர்க்காரர்கள் வந்து குளிக்கிற அருவி இல்லை அது; ஃபாரஸ்ட்டுக்காரர்கள் யாரையும் விடாத இடம். அடியில் கரும்பச்சையாக ஒரு மடு. அதற்கு அந்தப் பக்கம் செங்குத்தாகப் பாறை. பாறையின் நடுவில், தண்ணீர் விழுகிற இடத்தை ஒட்டினாற்போல், குகை மாதிரி ஒரு பொந்து தெரிந்தது.

கேன்கள் எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டையும் கயிற்றால் சேர்த்துக் கட்டி, அதன்மேல் என்னைச் சாம்பல் பொட்டலத்தோடு படுக்க வைத்து, இருவரும் நீந்தியபடியே தள்ளிக்கொண்டு மடுவைக் கடந்தார்கள். அக்கரையில் சித்தப்பா சாம்பல் பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டார். ஈரம் வழுக்காமல் இருக்கவாம். கேன்களைக் கட்டிய கயிற்றை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு பாறையில் பல்லி மாதிரி ஒட்டி ஏறினார். ஓரிடத்தில் கால் சறுக்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் பொந்தின் விளிம்பில் நின்றுகொண்டு, "ஏய்ய்ய்" என்று காடே அதிரக் கத்திக்கொண்டிருந்தார்.

"அங்க இன்னா இருக்கு சித்தப்பா?" என்று கீழேயிருந்து கூவினேன்.

"ஒண்ணும் இல்லம்மா!"

ஒன்றும் இல்லாததற்கா ஒருவர் இவ்வளவு பாடுபடுவார்? சரக்கு அங்கேதான் இருக்க வேண்டும். நானும் மேலே வந்தே தீருவேன் என்று காலை உதைத்தேன். இருவரும் கொஞ்ச நேரம் கத்திக் கத்திப் பேசிக்கொண்டார்கள். அப்புறம் சித்தப்பா பொந்தின் வாயிலிருந்த மரத்தில் கயிற்றைச் சுற்றி மறுமுனையைக் கீழே விட்டார். மரவள்ளிக்காரர் அதை என் தோளுக்கும் தொடைக்கும் சேர்த்து இறுக்கிக் கட்டினார். "கீழ பாக்காதம்மா. பாறைய மட்டும் பாரு" என்றார்.

பாதி தூரம் ஏறியிருப்பேன். பாசியில் கால் வழுக்கி, அந்தரத்தில் தொங்கி, ஒரு சுற்று சுற்றினேன். அருவிச் சாரல் முகத்தில் அறைந்தது. "நான் புடிச்சிருக்கேன்ம்மா, கால ஊணு, கால ஊணு" என்ற குரல் மட்டும் மேலிருந்து வந்துகொண்டே இருந்தது. ஊன்றினேன். சித்தப்பாவின் கை என் கையைப் பிடித்தது.

பொந்து முழுக்கத் தேடினேன். காய்ந்த சருகும், வௌவால் எச்சமும், எப்போதோ தேன் எடுத்த ஓர் அடையின் மிச்சமும் இருந்தன. வேறு ஒன்றுமே இல்லை. திரும்பிப் பார்த்தால் அருவி எங்களுக்கு முன்னால் திரை மாதிரி விழுந்துகொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் காடு முழுவதும் கலங்கி ஆடியது. சித்தப்பா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஏன் என்று தெரியாமலே இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஊர் திரும்பியதும் சித்தி என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். கேன், சாம்பல், கயிறு, பொந்து, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். தண்ணீர் கொடுத்த பெண்ணைப் பற்றி மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவளுக்குக் குழந்தை இருக்கிறது, அவள் என் பின்னலைத்தான் பார்த்தாள் என்று சத்தியம் பண்ணிச் சொன்னேன்.

"அப்ப அங்க போயி இன்னாதான் பண்றாரு?"

"ஏறுறாரு சித்தி. அப்பறம் எறங்குறாரு."

"எப்டி இருந்தாரு?" என்று சித்தி மெதுவாகக் கேட்டாள்.

சித்தி சந்தோஷப்படுவாள் என்றுதான் நான் உற்சாகமாகச் சொன்னேன்.

"சிரிச்சிக்கினே இருந்தாரு சித்தி. வாய் ஓயாம பேசிக்கினே வந்தாரு. நம்ப வூட்ல இருக்குற மாதிரியே இல்ல, வேற ஆளு மாதிரி இருந்தாரு."

சித்தி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எவளாவது இருந்திருந்தாக்கூட தேவலாம். போயி சண்டயாவது போட்டிருப்பேன்" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அவள் அழுததை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாராயம் இல்லை, மாந்திரீகம் இல்லை, வேறொருத்தியும் இல்லை. சித்தப்பாமேல் ஒரு குற்றமும் இல்லை என்று நானே ஏறிப் பார்த்து வந்து சொல்லியும், இவள் எதற்காக இப்படி அழுகிறாள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.